இருபது கிலோவை அடித்துவிட்டு எழுதிய கணக்கு: என் அண்ணனின் 24 வாரங்கள்

போன ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அம்மிணி, நீ இதெல்லாம் பாக்கறவ, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்றார். கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை. மூணு மாச சுகர் என்று நாம் சொல்கிற எச்பிஏ1சி 6.1. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. ரத்த அழுத்தம் 138க்கு 88. எடை 86 கிலோ, உயரம் 170 செ.மீ. வயது 46. எங்கள் அம்மாவுக்கு ஐம்பதில் சர்க்கரை வந்தது, அப்பாவுக்கு அதற்கும் முன்னால். எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. அண்ணன் நடுவில் நின்றுகொண்டிருந்தார், அதுவும் மேலே ஏறுகிற படியில்.

நான் கோவையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஆறு வருடமாக ஓடுகிறேன். டாக்டர் இல்லை, அதனால் முதல் வேலையாக அவரை டாக்டரிடம் அனுப்பினேன். இசிஜி எடுத்துப் பார்த்து, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், நடங்கள், எடையைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், ஏற்கெனவே சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை போடுபவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. இதை எழுத அண்ணன் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஜனவரியில் என்ன ஆனது

அண்ணனுக்கு அந்த வருடத்துக்கு ஏற்கெனவே ஓர் இலக்கு இருந்தது. டிசம்பருக்குள் 20 கிலோ குறைக்க வேண்டும். ஜனவரி 2ஆம் தேதி வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் வருடத்துக்கு 14,000 ரூபாய் கட்டினார், ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி ஓட்ஸ் கஞ்சி குடித்தார், போனில் தினமும் 10,000 காலடி என்று வைத்துக்கொண்டார். மொத்தம் 19 நாள் போனார், நடுவில் வந்த பொங்கல் விடுமுறையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மாதக் கடைசி வரை தாக்குப்பிடித்தார் என்று சொல்லலாம். முட்டி வலித்தது, எடை ஒன்றரைக் கிலோ இறங்கி அப்படியே நின்றது, பிப்ரவரியில் ஜிபே ரசீது மட்டும்தான் மிச்சம்.

அவருக்கு மன உறுதி இல்லை என்று அண்ணி சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், ஒரு மாதம்கூட வரிக் கணக்கைத் தாமதமாகக் கட்டியதில்லை, அவருக்கா உறுதி இல்லை? இலக்கை எழுதிய விதம்தான் கோளாறு. இருபது கிலோ என்பது உடம்பு செய்யவேண்டிய காரியம், அது செய்யும் அல்லது செய்யாது, நாளை காலை ஐந்தரை மணிக்கு அண்ணன் என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

கணக்கும் உதைத்தது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். இருபது கிலோவுக்கு ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரம். ஜூலையில் உட்கார்ந்து மிச்சமிருக்கிற ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 850க்கு மேல் வருகிறது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அவர் எடைக்கு 150, கொஞ்சம் கூடப் போகும். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் டீயோடு சாப்பிடுகிற ஒரு முட்டை பப்ஸ் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இதை அவரிடமே பேனாவைக் கொடுத்துப் போடச் சொன்னேன். கணக்குக்காரர் இல்லையா, போட்டு முடித்ததும் தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "இது ஆகற காரியமில்லையே" என்று 20ஐ அடித்தார்.

அந்த 10,000 காலடியும் கல்லில் எழுதியது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பழக்கம் பரவியபோது, 1965இல் அங்கே விற்பனைக்கு வந்த ஒரு காலடிக் கருவியின் பெயரிலிருந்து வந்த எண் அது. கெட்ட எண் இல்லைதான். ஆனால் 4,000 காலடி நடக்கிறவருக்கு 6,500 என்பதே பெரிய மாற்றம், அதைத் தினமும் தோல்வி என்று காட்டுகிற போனை நான் எதற்காக நம்ப வேண்டும்?

டேப்பை வைத்துப் பார்த்தது

எடையை விட இடுப்புச் சுற்றளவுதான் எனக்கு முக்கியம். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேரும், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தொந்தரவு தருவது அந்தக் கொழுப்புதான். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை.

தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்ததும் அண்ணன், "எதுக்கு, என்ற பேண்ட் 38 தானே" என்றார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கிறது, தொப்பை எவ்வளவு வளர்ந்தாலும் பேண்ட் சைஸ் மாறாது. கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தோம், இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு எங்கே என்று பார்த்தோம், இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். டேப் அந்தப் புள்ளியில், முதுகுப் பக்கம் இறங்காமல், தரைக்குச் சமமாக. வயிற்றை எக்கினார். "மூச்சை விடுங்கண்ணா, சாதாரணமா விடுங்க" என்று சொல்லி, வெளியே விட்டு முடித்த நொடியில் பார்த்தால் 104. அங்குலத்தில் கிட்டத்தட்ட 41. எங்களுக்குக் கிடைத்த உண்மையான தொடக்கப்புள்ளி அதுதான். தண்டால் எடுக்கச் சொன்னேன், தரையில் ஒன்றுகூட வரவில்லை. பத்து நிமிடம் மெதுவாக ஓடச் சொன்னேன், மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிட்டார்.

எதை எழுதினோம்

டிசம்பர் 31க்குள் மூன்று காரியம். கோவை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவை ஓடியும் நடந்தும் முடிப்பது, அது டிசம்பரில் வருவதால் வசதியாகப் போயிற்று. தரையில் மார்பு தொடும் தண்டால் பத்து. இடுப்பு 98 செ.மீ. அவர் 90 என்று எழுதப் போனார், தடுத்தேன். 90க்கு ஒன்றரை வருடம் ஆகட்டுமே. எடைக்கு ஓர் எண் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் ஓரமாக 80 என்று பென்சிலில் எழுதினோம். அதாவது 86இல் ஏழு சதவீதம் குறைவு. அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் கொடுத்த இலக்கு அதுதான், ஏழு சதவீத எடையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும். 2002இல் வந்த அந்த முடிவில், அப்படி மாறியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது.

அதை விட எனக்கு நெருக்கமான ஆய்வு நம்ம சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து மூன்று வருடம் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பலன் எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்தது. எடை மெஷின் அசையவில்லை என்று பயிற்சியை விட்டுவிடுகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இந்த மூன்றும் போய்ச் சேருகிற இடம். வாக்குக் கொடுக்கவேண்டியது வாரக் காரியங்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். வாரத்துக்கு மூன்று ஓட்டநடை, இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும். மதியம் தட்டில் முதலில் பொரியலும் பருப்பும், அப்புறம் சாதம், அதுவும் ஒரே தடவை. பப்ஸ் சனிக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் தொடப்படவில்லை, எங்கள் வீட்டில் அதை நிறுத்தச் சொன்னால் மொத்தத் திட்டமும் ஒரே வாரத்தில் விழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

காலண்டர்

மொத்தப் பலனில் பாதி இங்கேயிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஜூலை முதல் வாரத்திலிருந்து மாரத்தான் வரை 24 வாரம் இருந்தது. சமையலறையில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரை இறக்கி, சிவப்புப் பேனாவை அண்ணி கையில் கொடுத்தேன். எந்தெந்த வாரம் இவரால் முடியவே முடியாது என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். ஆடியில் குலதெய்வம் கோயில் கிடாவெட்டு, ஊரோடு மூன்று நாள். ஆவணியில் ஈரோட்டில் அண்ணியின் தம்பி கல்யாணம். செப்டம்பர் கடைசி வாரம் ஆடிட், 30ஆம் தேதிக்குள் முடித்தாகவேண்டும், ராத்திரி பத்துக்குத்தான் வீடு, ஒட்டியே ஆயுத பூஜை. அப்புறம் தீபாவளி வாரம். பெயர் வைக்காமல் இன்னொரு வாரம், காய்ச்சலோ மழையோ ஏதோ ஒன்று வரும் என்று. ஐந்து போனது. மிச்சம் 19.

ஆக, திட்டத்தை 24 வாரத்துக்குப் போடாமல் 19க்குப் போட்டோம். சிவப்பு வாரங்களில் ஒரே ஒரு ஓட்டநடையும் ஒரே ஒரு நாள் தண்டாலும் போதும், அதைச் செய்தால் அந்த வாரம் வெற்றி. வருடக்கடைசி இலக்கு வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணி, தீபாவளி எதுவுமே வராத ஒரு வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்கள், கல்யாண வாரம் வந்ததும் தோற்றுவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த வாரம் வரப்போகிறது என்று பத்திரிகை அடிக்கும் முன்பே தெரியும்தானே?

கூடவே "இப்படி ஆனால் அப்படி" என்று சில வரிகள் எழுதினோம். காலையில் மழை பெய்தால் அபார்ட்மெண்ட் மாடிப்படி, நாலு மாடி, ஆறு தடவை. அலாரத்துக்கு எழவில்லை என்றால் ராத்திரி சாப்பிடுவதற்கு முன் இருபது நிமிட நடை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், எப்போது எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் வெறும் ஆசையோடு இருப்பவர்களை விட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று. எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு துண்டுத்தாள்.

வாரங்கள் போன விதம்

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. அவ்வளவுதான். வார நாட்களில் ஹோப்ஸிலிருந்து கொடிசியா பக்கம், ஞாயிறு மட்டும் ரேஸ்கோர்ஸ் நடைபாதை. நான் கூடவே போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகத்தைக் குறை. இதற்கு வாட்ச் தேவையில்லை. ஜனவரியில் முட்டி வலித்ததற்கும், ஜூலையில் மூன்றாவது நிமிடத்தில் நின்றதற்கும் காரணம் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் ஓடிய வேகத்தில் இப்போதும் ஓடப் பார்த்தார்.

தண்டால் சமையல் மேடையில் தொடங்கியது. கைகளை மேடை விளிம்பில் ஊன்றிச் சாய்ந்து, பத்து, மூன்று தடவை. அண்ணி தோசை வார்க்கிற நேரத்திலேயே. நாலு வாரம் கழித்துக் கட்டில் விளிம்பு. எட்டாவது வாரத்துக்கு மேல் தரைக்கு வந்தார், முதலில் முட்டி ஊன்றி. கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தோளில் விழும் எடை குறைவு, அதனால் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாலே பலம் தானாக ஏறும்.

ஆகஸ்ட் கடைசியில் தப்பு நடந்தது. ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொள்ள, உற்சாகத்தில் வாரம் 12 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவர் ஒரே வாரத்தில் 20க்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் எவ்வளவு கூட்டலாம் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அந்தப் பொறுப்பு என்னுடையது. திங்கட்கிழமை காலை படி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்பக்கம் வலி. எங்கே என்று ஒரு விரலால் காட்டச் சொன்னேன். ஒரே புள்ளியைத் தொட்டு அங்கே மட்டும் குத்துகிறது என்றிருந்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போகவேண்டும். அண்ணன் ஒரு சாண் நீளத்துக்கு மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். எலும்போடு தசை ஒட்டுகிற இடத்தில் அளவுக்கு மீறிய வேலையால் வருகிற வலி. ஓட்டத்தை நிறுத்தி, பையனின் சைக்கிளைக் கொடுத்தேன், படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது தினமும் முப்பது. எட்டு வருடப் பழைய கேன்வாஸ் ஷூவைத் தூக்கிப் போட்டு 3,500 ரூபாய்க்கு ஓட்டத்துக்கான ஷூ வாங்கினோம். இரண்டு வாரம் ஓடவில்லை. அதில் ஒன்று பெயர் வைக்காத அந்த வாரம், இன்னொன்று ஈரோட்டுக் கல்யாணம். திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் நடுவில் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தைத்தான் காட்டும், அதனால் அதற்கு முன்னால் பார்ப்பதில் அர்த்தமில்லை. 5.8. ஆபீஸிலிருந்தே போன் போட்டு இரண்டு தடவை அந்த எண்ணைச் சொன்னார்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் எடை மெஷினில் ஏறி, "எல்லாம் போச்சு அம்மிணி" என்றார். 1.8 கிலோ கூடியிருந்தது. நாலு நாளில் அவ்வளவு கொழுப்பு சேராது, இனிப்பும் உப்பும் சேர்ந்து பிடித்து வைத்த தண்ணீர்தான் பெரும்பகுதி, ஒரு வாரத்தில் இறங்கும் என்று சொன்னேன், இறங்கியது. ஆனால் அந்த நாலு நாளில் ஒரு நாள்கூட அவர் வெளியே போகவில்லை, எனக்குக் கவலை அங்கேதான். லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது, சராசரியாக 66 நாள் ஆகிறது, ஒருவருக்கு 18, ஒருவருக்கு 254 என்று பெரிய வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் கெடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. அன்றைக்கே ஃபிரிட்ஜ் தாளில் ஒரு வரி கூடியது: ஒரு நாள் விடலாம், அடுத்த நாளும் விட்டால் செருப்புப் போட்டுக்கொண்டாவது தெருமுனை வரை போய்விட்டு வரவேண்டும்.

டிசம்பர்

மாரத்தான் அன்று மார்கழிக் குளிர். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே போனோம், எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்து வேகம் எடுக்கப் பார்த்தபோதெல்லாம் ஏதாவது கேள்வி கேட்டேன், முழு வாக்கியமாகப் பதில் வரவேண்டும். ஆறாவது கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேரை நாங்கள் தாண்டினோம். எட்டில் பேச்சு நின்றது. கடைசி ஐந்நூறு மீட்டர் நடைக்கான நிமிடம் வந்தும் அவர் நடக்கவில்லை. ஒரு மணி 21 நிமிடம். அண்ணியும் பையனும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், அவர் போய் அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், ரொம்ப நேரம்.

31ஆம் தேதி அதே டேப், அதே இடம், மூச்சை விட்டு: 96. தண்டால் பத்துக்கு எட்டு. எடை 80.9, பென்சிலில் எழுதிய 80க்கு இன்னும் 900 கிராம். ரத்த அழுத்தம் 126க்கு 82. ஓட்டநடை 62 தடவை என்று போட்டிருந்தோம், 53 நடந்தது. தண்டால் நாட்கள் 43இல் 31 மட்டும், அந்த இரண்டு தண்டால் ஏன் வரவில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேடவேண்டாம். காலை ஓட்டத்துக்கு நேரமும் இடமும் இருந்தன, தண்டாலுக்கு "வாரத்தில் இரண்டு நாள்" என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். செவ்வாய், வெள்ளி, தோசை நேரம் என்று முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். மறுபடி யாருக்காவது இதைச் செய்வதானால் முதலில் மாற்றுவது இதைத்தான், இரண்டாவது, வார தூரத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்று மேலேயே எழுதிவிடுவேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து அவர் முழுதாக வெளியே வந்துவிடவில்லை. 5.8 இன்னும் எல்லைக்குள்தான். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பிஎம்ஐ 28, நம்மவர்களுக்கு 23க்குக் கீழே இருக்கவேண்டும். அடுத்த பரிசோதனை ஏப்ரலில்.

புது வருடக் காலண்டரை அண்ணனே கடையிலிருந்து வாங்கி வந்தார். நான் போனபோது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார், மார்ச் 31 கணக்கு முடிக்கிற வாரத்தை ஏற்கெனவே அடித்திருந்தார். தைப்பூசத்து வாரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு பழனிக்குப் பாதயாத்திரை போகிறது, நூறு கிலோமீட்டருக்கு மேல். "அம்மிணி, இதைச் சிவப்புல அடிக்கட்டா, ஓட்டநடையில சேக்கட்டா?" என்று கேட்டார். தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், ஷூவா வெறுங்காலா என்று குழுக்காரர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.